சென்சாரைக் கழற்றும் முன் மீட்டரை எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வாகனப் பக்கத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் த்ராட்டில் பொசிஷன் சென்சார் (இன்ஜினுக்குள் காற்று விடும் த்ராட்டில் தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் கருவி) பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். வண்டி திக்கினால், ஐடிலிங் (காலை எடுத்த நிலையில் இன்ஜின் சும்மா ஓடும் வேகம்) ஏறி இறங்கினால், செக் இன்ஜின் லைட் எரிந்தால் பழைய சென்சாரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டுங்கள், இரண்டு ஸ்க்ரூ, ஒரு கனெக்டர், கால் மணி நேர வேலை என்று அதில் முடித்திருந்தார்கள். ஸ்க்ரூ இரண்டுதான், அது சரி. ஆனால் இதை மட்டும் நம்பி நல்ல சென்சாரைக் கழற்றி எறிபவர்கள் உண்டு. புதிதாக மாட்டிய பிறகு வண்டி முன்னைவிட மோசமாக ஓடுகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களும் உண்டு. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆக்சிலரேட்டர் கேபிளால் த்ராட்டில் திறக்கும் பழைய வண்டிகளில் இந்த சென்சார் செய்வது ரொம்ப எளிமையான வேலை. த்ராட்டில் பாடியின் ஒரு பக்கத்தில், உள்ளே இருக்கும் தகட்டின் தண்டோடு சேர்ந்து இதுவும் சுழலும். இன்ஜின் கம்ப்யூட்டரிலிருந்து 5 வோல்ட் வரும், ஒரு எர்த் வயர் இருக்கும், மூன்றாவது வயர் சிக்னல். காலை எடுத்த நிலையில் சிக்னல் சுமார் 0.5 வோல்ட், முழுதாக மிதித்தால் 4.5 வோல்ட் பக்கம். வண்டிக்கு வண்டி இந்த எண்கள் கொஞ்சம் மாறும். டிரைவர் காலை எடுத்துவிட்டாரா, மெதுவாக அழுத்துகிறாரா, ஒரேயடியாக மிதித்தாரா என்பதை கம்ப்யூட்டர் இதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. சட்டென்று மிதித்தால் கூடுதல் பெட்ரோல் கொடுப்பது, காலை எடுத்ததும் பெட்ரோலை நிறுத்துவது, ஐடிலிங்கைப் பிடித்து வைப்பது எல்லாம் இந்த ஒரு சிக்னலையும் பார்த்துத்தான் நடக்கிறது.

உள்ளே இருப்பது கார்பன் பூசிய ஒரு தடமும் அதன் மேல் உரசிக்கொண்டே நகரும் ஒரு சின்ன முள்ளும். பழைய ரேடியோவில் சத்தம் கூட்டும் திருகு கரகரக்குமே, அதே பொருள், அதே வியாதி. தடம் எல்லா இடத்திலும் சமமாகத் தேய்வதில்லை. வண்டி அதிக நேரம் எந்த நிலையில் ஓடுகிறதோ, அதாவது ஐடிலிங்கிலும் அதற்குச் சற்று மேலேயும், அங்கேதான் பள்ளம் விழும். முழுதாக மிதித்து விரட்டும்போது சீறிக்கொண்டு போகும் வண்டி, ஒரே வேகத்தில் லேசாகக் காலை வைத்து ஓட்டும்போது மட்டும் வெட்டி வெட்டி இழுத்தால் முதல் சந்தேகம் இதன் மேல் வருவது அதனால்தான். சந்தேகம் வரட்டும், தப்பில்லை. தீர்ப்பு எழுதும் முன் ஒரு தடவை அளந்து பாருங்கள் என்கிறேன்.

அளப்பது பெரிய வித்தை இல்லை. சாவியை ஆன் செய்யுங்கள், இன்ஜினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம். கனெக்டரைக் கழற்றாமல், பின்பக்கமாக மெல்லிய ஊசியை விட்டு, அதில் வோல்ட் அளக்கும் மீட்டரின் முனையை வைத்து முதலில் 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் சென்சார் நிரபராதி, வயரைத் தேடுங்கள். அடுத்து சென்சாரின் எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் இருக்க வேண்டும், 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தில் கோளாறு. பழைய வண்டிகளில் துருப்பிடித்த எர்த் பாயின்ட் பண்ணாத அட்டகாசம் கிடையாது. இதெல்லாம் சரியாக இருந்தால் சிக்னல் வயரில் மீட்டரை வைத்துக்கொண்டு த்ராட்டிலைக் கையால் மிக மெதுவாகத் திறந்து மூடுங்கள். வோல்டேஜ் வழுவழுவென்று ஏறி, அதே மாதிரி இறங்க வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் துள்ளினாலோ சட்டென்று விழுந்தாலோ குற்றவாளி கிடைத்துவிட்டார்.

இந்தச் சோதனைக்கு நம்பர் காட்டும் டிஜிட்டல் மல்டிமீட்டரைவிட, முள் ஆடும் பழைய காலத்து மீட்டர் நல்லது. கண நேரம் மட்டும் சிக்னல் விட்டுப்போனால் டிஜிட்டல் மீட்டர் அடுத்த எண்ணைக் காட்டுவதற்குள் அது கடந்து போயிருக்கும், முள் என்றால் நடுக்கத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். வோல்டேஜின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் இருப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை, கொடுத்து வைத்தவர்கள். மீட்டர் சரியாகக் காட்டியும் சந்தேகம் தீராவிட்டால் சென்சாரின் மேல் ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டிக்கொண்டே பாருங்கள், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் ஒரு தடவை பாருங்கள். சூட்டில் மட்டும் படுத்தும் சென்சார்களும் இருக்கின்றன.

ஸ்கேனரில் கோட் (கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் பழுது எண்) வந்துவிட்டதே, அப்புறம் என்ன சோதனை என்று கேட்பார்கள். கோட் சொல்வது எந்த சர்க்யூட்டில் பிரச்சினை என்பதை மட்டும்தான். பி0122 என்றால் சிக்னல் மிகக் குறைவு, பி0123 என்றால் மிக அதிகம். 5 வோல்ட் வயர் அறுந்திருந்தாலும் பி0122 வரலாம். எர்த் விட்டுப்போனால் சிக்னல் 5 வோல்ட்டுக்கு ஏறி பி0123 வரும். இரண்டிலும் சென்சார் மேல் எந்தத் தப்பும் இல்லை. இன்னொன்று, இந்த வகைக் கோட் எல்லாம் ஓபிடி-2 என்ற பொதுவான பழுதறியும் முறை வந்த வண்டிகளுக்கு. அமெரிக்காவில் 1996 மாடல் முதல்தான் அது கட்டாயம். அதற்கு முந்தைய பல வண்டிகளில் சோதனைக்கென்று இருக்கும் கனெக்டரில் இரண்டு முனைகளை வயரால் இணைத்துவிட்டு, விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். தேய்ந்த தடம் பல நேரம் கோட் எதையும் போடுவதே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வோல்டேஜ் எல்லைக்குள் இருக்கும் வரை கம்ப்யூட்டருக்கு அது சந்தேகமாகத் தோன்றாமலே போகலாம்.

உங்கள் குறிப்பில் விட்டுப்போன பெரிய விஷயம் ஒன்று உண்டு. எல்லா வண்டியிலும் ஒரே மாதிரி சென்சார் கிடையாது. என்னிடம் இருப்பது மாஸ்டா எம்எக்ஸ்-5, முதல் தலைமுறை, 1.8 லிட்டர். இதில் நான் மேலே சொன்ன சோதனை அப்படியே பொருந்தும். ஆனால் அதே வண்டியின் 1.6 லிட்டர், மேனுவல் கியர் மாடலில் இருப்பது வெறும் ஸ்விட்ச். கால் எடுத்திருக்கிறது, முழுதாக மிதித்திருக்கிறது, இந்த இரண்டைத் தவிர வேறெதுவும் அதற்குத் தெரியாது. அதில் மீட்டரை வைத்து வோல்டேஜ் படிப்படியாக ஏறவில்லையே என்று சென்சாரைக் குறை சொன்னால் பாவம் அது என்ன செய்யும்? மாஸ்டாவின் இன்னொரு ஸ்போர்ட்ஸ் காரான மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7இல் நிலைமை நேர் எதிர். அதன் சென்சாரில் இரண்டு சிக்னல்கள், ஒன்று முழு வீச்சுக்கு, இன்னொன்று ஐடிலிங்கை ஒட்டிய சின்ன வீச்சுக்கு மட்டும். அதிலும் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஐடிலிங்கைக் கூட்டுவதற்காக த்ராட்டிலைச் சற்றுத் திறந்தே வைத்திருக்கும் ஒரு அமைப்பு இருப்பதால், இன்ஜின் சூடான பிறகுதான் அளவு வைக்க (சென்சாரைத் திருப்பிச் சரியான வோல்டேஜுக்குக் கொண்டுவர) வேண்டும். வண்டியின் வொர்க்‌ஷாப் மேனுவலைப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

சரி, அளந்தாயிற்று, சென்சார்தான் போயிருக்கிறது. மாற்றும்போது பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். ஜப்பானிய வண்டிகளில் இந்த ஸ்க்ரூக்கள் சாதாரண நட்சத்திரத் தலை மாதிரி தெரிந்தாலும் பெரும்பாலும் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) வகை. சாதாரண பிலிப்ஸ் டிரைவரைப் போட்டுத் திருகினால் தலை வழுக்கிக்கொண்டு போய்விடும். வருஷக்கணக்காகச் சூட்டில் கிடந்து இறுகியிருக்கும், அதனால் சரியான முனையை வைத்து, நன்றாக அழுத்திப் பிடித்துத் திருகுங்கள். கழற்றும் முன் பழைய சென்சார் எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு கோடு போட்டு வையுங்கள். பல சென்சார்களைத் தண்டில் கொஞ்சம் கோணலாகச் செருகி, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குக்கு எதிராகத் திருப்பித்தான் ஸ்க்ரூ ஓட்டைக்குக் கொண்டுவர முடியும். தப்பான பக்கம் திருப்பினால் புதுசு அங்கேயே உடையும்.

ஸ்க்ரூ ஓட்டை நீளவாக்கில் இருந்தால் அது அளவு வைப்பதற்காகத்தான். ஸ்க்ரூவை லேசாக மட்டும் பிடிக்க வைத்து, சாவியை ஆன் செய்து, மீட்டரைப் பார்த்துக்கொண்டே சென்சாரை நூலிழை நூலிழையாகத் திருப்பி, மேனுவலில் சொன்ன வோல்டேஜுக்குக் கொண்டுவந்து, அப்புறம் இறுக்கி, இறுக்கியதில் நகர்ந்துவிட்டதா என்று மறுபடி பார்க்க வேண்டும். ஸ்விட்ச் வகை என்றால் த்ராட்டில் நிறுத்த ஸ்க்ரூவுக்கும் (த்ராட்டில் மூடும்போது அதைத் தடுத்து நிறுத்தும் ஸ்க்ரூ) லீவருக்கும் இடையே ஃபீலர் கேஜ் (தடிமன் தெரிந்த மெல்லிய உலோகத் தகடு) செருகி, எந்தத் தடிமனில் இணைப்பு இருக்க வேண்டும், எதில் விட வேண்டும் என்று பார்ப்பார்கள். கால் மணி நேரத்தில் முடியாத வேலை இதுதான். இதைச் செய்யாமல் விட்டால் கால் எடுத்திருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் ஐடிலிங் மேலேயே நிற்கும், அல்லது ஊசலாடும். அந்த நேரத்தில் பலர் செய்யும் காரியம் த்ராட்டில் நிறுத்த ஸ்க்ரூவைத் திருகுவது. பெயின்ட் அடித்து, தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பிய ஸ்க்ரூ அது. அதில் ஒருவர் கை வைத்துவிட்டால் அடுத்து வருபவர் எதை அடிப்படையாக வைத்து எதை அளப்பது?

ஓட்டை வட்டமாக, நகர்த்த இடமில்லாமல் இருந்தால் அளவு வைக்கும் வேலை இல்லை. ஆனாலும் மாட்டிய பிறகு வோல்டேஜ் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கேபிளே இல்லாத புதிய வண்டிகளில் சென்சார் பெரும்பாலும் த்ராட்டில் பாடிக்குள்ளேயே அடக்கம், அது தனிக் கதை.

இவ்வளவும் எழுதியது உங்கள் கட்டுரையாளரைக் குறை சொல்ல இல்லை. கார்பன் படிந்த த்ராட்டில் பாடியை முதலில் துடையுங்கள், காற்று கசியும் ரப்பர் குழாய்களைப் பாருங்கள் என்றும் அவர் எழுதியிருந்தார், நல்ல யோசனை. துடைக்கும்போது க்ளீனரை நேராக சென்சார் பக்கம் அடிக்க வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம், அந்தத் திரவம் தண்டு வழியாக உள்ளே இறங்கினால் நல்ல தடமும் கெடும். அடுத்த முறை இந்த மாதிரிக் குறிப்பு போடும்போது எந்த மாடலுக்கு, எந்த வகை சென்சாருக்கு என்று தலைப்பிலேயே போட்டு, மீட்டரில் வர வேண்டிய எண்களையும் ஒரு சின்னக் கட்டத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
பழைய இரண்டு சீட்டு வண்டி வைத்திருக்கும் ஒரு வாசகர்