அம்மாடிக்கு, பாட்டில் நாடா பற்றி

அம்மாடி,

நீ அனுப்பிய கூடைப் படத்தை அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாள். பின்னல் அவ்வளவு நெருக்கம். என் கண் போனது உன் கட்டைவிரலில் இருந்த துணிக்கட்டுக்கு. கூடை பின்னும் நாடாவுக்கு இன்னும் கத்தரிக்கோலால்தான் பிளாஸ்டிக் பாட்டிலைச் சுற்றிச் சுற்றி வெட்டுகிறாய். நாடா ஓரிடம் 4 மி.மீ., ஓரிடம் 8 மி.மீ. இருக்கிறதே.

இதற்கு ஒரு பலகையும் 2 போல்ட்டும் போதும். 2 செ.மீ. தடிமனுள்ள பலகையில், 2 செ.மீ. இடைவெளி விட்டு 6 மி.மீ. துளை இரண்டு போடு. போல்ட்டைக் கீழிருந்து செருகு. தலை உள்ளே புதையும்படி அடியில் குழி எடு, இல்லாவிட்டால் பலகை ஆடும். ஒவ்வொரு போல்ட்டிலும் 3 வாஷர். ஒன்று சுமார் 1.6 மி.மீ., ஆகவே நாடா 5 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக வரும். அதன்மேல் 18 மி.மீ. கட்டர் பிளேடைப் படுக்கவை: முதுகு இரண்டு போல்ட்டையும் தொடட்டும், கூரான ஓரம் பாட்டில் வரும் பக்கம் இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டைக் குறடால் முன்பே உடைத்துவிடு. மேலே அகலமான வாஷர், நட்டு, அதற்குமேல் இன்னொரு நட்டு. ஒற்றை நட்டு இழுக்க இழுக்கத் தளரும், பிளேடு சாயும், நாடா ஒரு பக்கம் மெலிந்து அறும். இரண்டாவது நட்டை மறக்காதே.

பாட்டிலின் அடியை மட்டமாக வெட்டு. விளிம்பில் 5 மி.மீ. அகலத்தில் ஒரு நாக்கு 6 செ.மீ. நீளத்துக்குக் கத்தரித்து, பிளேடுக்கு அடியில் நுழைத்து, போல்ட்டுகளுக்கு நடுவே வெளியே எடுத்து ஒரே சீராக இழு. பாட்டில் தானே சுழலும், அதை அமுக்காதே. இடுப்பு ஒடுங்கியது, வரிவரியாய் மடிப்புள்ளது எதுவும் சரிப்படாது. லேபிள் பசையை எண்ணெய் தடவித் துடைத்துவிடு, அது பிளேடில் ஒட்டினால் நாடா சிக்கும். ஓரம் பிசிறடித்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே மாற்று. மழுங்கிய பிளேடில்தான் ஆள் பலத்தைக் கொடுத்து இழுப்பான், கை வழுக்கும். பலகையை மேசையோடு க்ளாம்ப் போட்டு இறுக்கு. தூக்கக் கலக்கத்தில் இதைத் தொடாதே. படம் வந்த நேரம் இரவு இரண்டரை என்பதைக் கவனித்தேன்.

ஆபீஸ் பற்றி நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. அண்ணன் ஏதோ சொல்ல வந்தான், அவளே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

கோக்கிற காகித மணியைச் சுருட்ட உன் ஈர்க்குச்சி வேண்டாம். பிளவு ஊசியை, அதுதான் கோட்டர் பின், மரப்பிடியில் செருகினால் காகித முனையை அதுவே கவ்வும். முதல் சுற்றில் பசை வைக்காதே, மணி ஊசியோடு ஒட்டிக்கொள்ளும். 30 செ.மீ. அகலத் தாளில் ஒரு ஓரம் 2 செ.மீ.க்கு ஒரு புள்ளி, எதிர் ஓரத்தில் 1 செ.மீ. தள்ளி ஆரம்பித்து 2 செ.மீ.க்கு ஒரு புள்ளி; குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இழுத்தால் முக்கோணங்கள் வரும், இரு கோடியில் தவிர கழிவே இல்லை. கணக்கில் நீ எப்போதும் கெட்டிக்காரி, இதை ஏன் கண்ணால் அளந்து வெட்டுகிறாயோ.

பணத்துக்காக ஆர்டரை அள்ளிப் போட்டுக்கொள்ளாதே. இரண்டு நட்டு, அதை மட்டும் மறக்காதே. பலகை ஆடினாலோ நாடா அறுந்தாலோ படம் அனுப்பிக்கொண்டிருக்காதே, போன் பண்ணு. எந்த நேரமானாலும் எடுப்பேன்.

அப்பா