நடந்து பார்த்த நெடுந்தீவு

யாழ்ப்பாணம்,
பங்குனி மாதம்.

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்து, இப்போது கைத்தடியின்றியே நடமாடுகிறீர் என்று வாசித்தபோது மனம் ஆறுதலடைந்தது. பேரப்பிள்ளைகளுடன் ஊருக்கு வரும்போது நெடுந்தீவுக்கும் போய்வர வேண்டும், அங்கே பார்ப்பதற்கு என்னதான் இருக்கிறது என்று கேட்டிருந்தீர். நல்ல வேளையாக நான் மாசியில்தான் அங்கே சென்று, இரவு ஒரு வீட்டில் தங்கி, இயன்றவரை நடந்தே பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஆகவே உமது கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

பண்ணைப் பாலத்தைத் தாண்டி, மண்டைதீவுச் சந்தி, வேலணை, புங்குடுதீவு என்று கடலுக்குள் போட்ட தெருக்களின் வழியே குறிகட்டுவான் வரை பேருந்து போகிறது. அதற்கு அப்பால் தெரு இல்லை. துறையில் நயினாதீவுக்குப் போகிறவர்களின் கூட்டம்தான் பெரிது. நாகபூசணி அம்மனிடம் போகும் நம்மவர்களும், நாக விகாரைக்குப் போகும் தென்னிலங்கை யாத்திரிகர்களும் ஒரே வரிசையில் நின்று ஒரே படகில் ஏறுகிறார்கள். நெடுந்தீவுப் படகு வேறு மாதிரி. அதில் பக்தர்களைவிடச் சாமான்கள் அதிகம்: அரிசி மூட்டை, சீமெந்துப் பை, எரிவாயுச் சிலிண்டர், மருத்துவமனைக்குப் போய்த் திரும்பும் கிழவர், வார இறுதிக்கு வீடு செல்லும் ஆசிரியைகள். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல் என்பதால் காற்று எழுந்தால் அலை குட்டையாகவும் நெருக்கமாகவும் வந்து படகைக் குலுக்கிவிடும். வாடைக் காற்று ஓய்ந்து, சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று தொடங்காத அந்த இடைவெளியில் போனதால் எனக்குக் கடல் குளம்போல் கிடந்தது.

மாவிலித்துறையில் கால் வைத்ததும் முதலில் கண்ணில் படுவது குமுதினிப் படகில் மாண்டவர்களின் நினைவிடம். 1985 மே 15 ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த அந்தப் படகை நடுக்கடலில் மறித்து, குழந்தைகளும் பெண்களும் உட்படப் பயணிகள் பலரை வெட்டிக் கொன்றார்கள்; ஏறியவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். அந்த நாட்களில் நாம் செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தது உமக்கு நினைவிருக்கும். இன்று அந்தத் துறைக்குப் பொறுப்பாக நிற்பதும் கடற்படைதான். தீவு மக்கள் அவர்களிடம் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறார்கள். இதற்கு மேல் அதைப்பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

துறையிலேயே ஓட்டோக்காரர்கள் காத்திருக்கிறார்கள். பெருக்குமரம் என்ற பாவோபாப், கோட்டை, குதிரை, வளரும் கல், பாதம் பதிந்த பாறை என்று வரிசை சொல்லி, மாலைப் படகுக்கு முன் எல்லாவற்றையும் காட்டிவிடுவதாக வாக்களிக்கிறார்கள். சொன்னபடி காட்டியும் விடுகிறார்கள். ஆனால் அப்படிச் சுற்றி வந்தவர்களில் அநேகர், தீவில் ஒன்றுமில்லை, வெயில்தான் என்று சலிப்புடன் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களையும் குறை சொல்ல முடியாது. அந்தத் தீவில் பார்க்க வேண்டியது அந்தப் பட்டியலில் இல்லை. அது ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்திற்குப் போகும் வழியில் இருக்கிறது. பவளப்பாறை இறுகி உண்டான முருகைக்கல்லைத்தான் சொல்கிறேன்.

ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள அந்த நிலம் முழுவதும், மலையோ ஆறோ இல்லாமல், கடல் மட்டத்திலிருந்து சற்றே எழுந்து நிற்கும் முருகைக்கல் தட்டு. அதன்மேல் மண் மெல்லிய போர்வையாகக் கிடக்கிறது. பல இடங்களில் அதுவும் இல்லை. பயிர் செய்ய விரும்பியவன் முதலில் கல்லைப் பொறுக்க வேண்டும். பொறுக்கிய கல்லை எங்கேயாவது போட வேண்டும். ஆடு மாடுகள் பயிருக்குள் நுழையாமல் மறிக்கவும் வேண்டும். இந்த மூன்று தேவைகளும் சேர்ந்து எழுப்பியவைதாம் தீவெங்கும் ஓடுகிற கல்வேலிகள். சாந்தும் இல்லை, களிமண்ணும் இல்லை. பெரிய கல் கீழே, சிறியது மேலே, இடுக்கில் இன்னும் சிறியது என்று எடையை எடையே தாங்கும்படி இடுப்பளவுக்கு, சில இடங்களில் மார்பளவுக்கு அடுக்கியிருக்கிறார்கள். காற்று அவற்றின் ஊடே புகுந்து போகிறது. அதனால்தான் புயலுக்கும் நிற்கின்றன என்று நான் தங்கிய வீட்டுக்காரர் சொன்னார். ஓட்டோவில் போனால் இவை இருபுறமும் சாம்பல் நிறக் கோடுகளாக ஓடி மறையும். நடந்தால், எந்த வேலியைச் சென்ற மாரியில் திருத்தியிருக்கிறார்கள், எதைத் திருத்த ஆளில்லை என்பது தெரியும். சரிந்த வேலிக்கு உள்ளே பெரும்பாலும் கூரையில்லாத வீடும், தூர்ந்த கிணறும், யாரும் ஓலை வெட்டாத பனைகளும் நிற்கின்றன. முன்னர் வன்னிக்குக் குடிபெயர்ந்தவர்கள், பின்னர் கொழும்புக்கும் வெளிநாட்டில் உங்கள் பக்கத்துக்கும் வந்தவர்கள் போக, இப்போது அங்கே இருப்பவர்கள் நான்காயிரம் பேர் அளவில்தான்.

இதே கல்தான் தண்ணீரையும் ஆள்கிறது. மாரி மழை கல்லின் வெடிப்புகளால் உள்ளே இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கும். பனையோலைப் பட்டையாலோ வாளியாலோ பக்குவமாக அள்ளினால் நல்ல தண்ணீர். மோட்டார் வைத்து ஆசைக்கு இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறிவிடும், ஏறினால் இலேசில் இறங்காது. இது யாழ்ப்பாணக் குடாநாட்டின் கதையும்தான். ஆனால் இங்கே நாம் மறந்துவிட வசதியிருக்கிறது, அங்கே அது இல்லை. சாராப்பிட்டியில் ஒரே இடத்தில் பல பழைய கிணறுகள் அருகருகே கிடப்பதைப் பார்த்தபோது இது எனக்கு இன்னும் விளங்கிற்று. ஒரு பெருங்கிணறு தோண்டி ஒரேயிடத்தில் உறிஞ்சுவதைவிடப் பல கிணறுகளில் சிறிது சிறிதாக எடுப்பதே அந்தக் கல்லுக்கு ஏற்றது. ஒரே இரவில் பூதங்கள் தோண்டியதாக ஒரு கதை உண்டு. டச்சுக்காரரான ஒல்லாந்தர் தோண்டியதாக இன்னொரு கதை. இவ்வளவு சூக்குமம் தெரிந்தவர்கள் அங்கேயே பிறந்து, அந்தத் தண்ணீரையே குடித்தவர்களாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. இப்போது கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்றும் வந்துவிட்டது.

குதிரைகளைப் பற்றிப் பிள்ளைகள் கேட்பார்கள். 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் கொண்டுவந்து, 1658 இல் அவர்களைத் துரத்திய ஒல்லாந்தர் பெருக்கி, ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற ஐரிஷ் அதிகாரி பேணியவற்றின் வழிவந்தவை என்பது பொதுவான வரலாறு. நோலனுக்குப் பிறகு கவனிப்பாரற்றுப் போனதால் அவை தம் விருப்பப்படி திரிந்து குள்ளமாகிவிட்டன. அவற்றின் மேய்ச்சல் வெளியை உள்ளடக்கி 2015 இல் தேசியப் பூங்கா அறிவித்திருக்கிறார்கள். மாசியில் புல் இன்னும் பச்சையாக இருந்தது. ஒரு பெட்டைக் குதிரை குட்டியுடன் என்னைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, ஆபத்தில்லாத கிழவன் என்று முடிவு செய்து மேய்ச்சலுக்குத் திரும்பிற்று. ஆனால் ஆடி ஆவணியில் நீர்நிலைகள் வற்றும்போது அவை தொட்டிகளைத் தேடி அலைவதும், கடும் வரட்சியில் மடிவதும் வழக்கம். பூங்கா என்று பலகை நாட்டுவதிலும் பார்க்கத் தொட்டிகளை நிரப்புவது பெரிய காரியம்.

கோட்டையையும் அதே முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டுதான் கட்டியிருக்கிறார்கள். மாடிச் சுவர்கள் பாதி நிற்கின்றன, மீதி விழுந்து தரையிலுள்ள கல்லோடு கலந்துவிட்டன. எனக்கு அதைவிடப் பிடித்தது மேற்குப் பக்கத்தில் வெடியரசன் கோட்டை என்று சொல்லும் இடம். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிவந்த மீகாமனை மறித்துப் போரிட்டவன் வெடியரசன் என்று நம் பாட்டிமார் சொன்ன கதைக்கு உரிய நிலம் அதுதான். அங்கே இருப்பவை கோட்டைச் சுவர்களாக எனக்குத் தோன்றவில்லை. வட்டமான கல் அடித்தளங்கள். பௌத்தத் தூபிகளின் எச்சங்கள் என்று தொல்லியலாளர் சொல்கிறார்கள். முற்காலத்தில் தமிழரிடையேயும் பௌத்தர் இருந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ள நம்மவர் சிலருக்கும் தயக்கம், தெற்கில் பலருக்கும் தயக்கம். ஆகவே அந்த இடத்தில் நின்று பேசுகிறவர்கள் எல்லோரும் சற்றுக் குரலைத் தாழ்த்தியே பேசுகிறார்கள்.

பெருக்குமரத்தின் அடிமரப் பொந்துக்குள் பிள்ளைகள் நுழைந்து படம் எடுக்கலாம். அரபு வணிகர் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த இனம் என்பார்கள். வளரும் கல் வளர்வதை நான் பார்க்கவில்லை. பாதம் பதிந்த பாறை, மழைநீர் அரித்த சுண்ணக்கல் என்றே எனக்குப் பட்டது. வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லவில்லை.

இனி உமது பயணம். ஆடியில் வருவதாக எழுதியிருக்கிறீர். அப்போது சோளகம் முழுவீச்சில் இருக்கும். படகு ஆடும், சில நாட்களில் சேவையே நிற்கும், தீவும் வெந்து கிடக்கும். தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை உகந்த காலம். ஆனால் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்காகத் தீவு தன் பருவத்தை மாற்றிக்கொள்ளாது. ஆடிதான் என்றால், முதற்படகில் போய், ஓட்டோ ஒன்றை நாள் முழுவதற்கும் பேசிக்கொண்டு, சாராப்பிட்டிக்கும் கோட்டைக்கும் இடையில் எங்கேனும் இறங்கி அரை மணி நேரமாவது வேலியோரமாக நடக்கலாம். பேரப்பிள்ளைகளின்றி நீரும் மனைவியாரும் மாசியில் வர முடியுமானால், நான் தங்கிய வீட்டிலேயே இடம் பேசி வைப்பேன். பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ் நன்றாகக் காய்ச்சுகிறார்கள். கல் நிலத்தில் நடக்க அந்த முழங்கால் தாங்குமா என்று வைத்தியரிடம் கேட்டு, திகதியையும் எழுதும்.

அன்புடன்,
உமது நண்பன்.