மீனுக்காகப் பெற்ற கடற்பரப்பை எண்ணெய்க்குக் கொடுக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்திய – இலங்கைக் கடல் எல்லை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் 1974-ஆம் ஆண்டு உடன்படிக்கையும் கச்சத்தீவும் நம் நாளிதழ்களில் இடம்பெறுகின்றன. ஆனால், 1976 மார்ச் 23 அன்று மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் எல்லை வகுத்த இரண்டாவது உடன்படிக்கையைப் பற்றியும், அதையொட்டி இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்களைப் பற்றியும் குமரி மாவட்டத்துக்கு வெளியே பேசுவோர் குறைவு. கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வெட்ஜ் பேங்க் என்னும் கடலடித் திட்டு இந்தியாவின் பிரத்யேகப் பொருளாதார மண்டலத்துக்குள் (கரையிலிருந்து 200 கடல் மைல் வரை, வளங்களின் மீது கடலோர நாட்டுக்கு உரிமை உள்ள கடற்பரப்பு) அமைந்தது என்றும், அதன் வளங்கள் மீது இந்தியாவுக்கே இறையாண்மை உரிமை உண்டு என்றும் அந்தக் கடிதங்களே உறுதி செய்தன.

அதுவரை இலங்கையின் இழுவைக் கப்பல்கள் பல பத்தாண்டுகளாக அங்கே மீன் பிடித்து வந்தன. நல்லெண்ண அடிப்படையில், மண்டலம் நிறுவப்பட்ட நாளிலிருந்து மேலும் 3 ஆண்டுகளுக்கு, 6 கப்பல்களுக்கு மிகாமல், ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மேற்படாமல் பிடித்துக்கொள்ள இந்தியா அனுமதித்தது. அதன்பின் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 2,000 டன் மீனை ஒப்புக்கொண்ட விலையில் தருவதாகவும் உறுதி கூறியது. இலங்கைக்கு இந்தத் திட்டை விட்டுக்கொடுப்பது எவ்வளவு பெரிய இழப்பாக இருந்தது என்பதற்கும், நமக்குக் கிடைத்தது எத்தகைய மீன்வளம் என்பதற்கும் இந்த ஏற்பாட்டை விட வேறு சான்று தேவையில்லை.

அந்த மீன்வளம் இருக்கும் கடற்பகுதியில்தான், 2024-இல் மத்திய அரசு அறிவித்த ஏலத்தில், சுமார் 27,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள 3 வட்டாரங்கள் எண்ணெய், எரிவாயுத் தேடலுக்கு முன்வைக்கப்பட்டன. குமரிக் கடற்கரை ஊர்களில் அன்று தொடங்கிய கலக்கம் இன்னும் அடங்கவில்லை.

200 கடல் மைல் வரை கடலோர நாட்டுக்கு உள்ள உரிமை எத்தகையது என்பதை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். நம் நாடாளுமன்றம் 1976-இல் இயற்றிய கடல் மண்டலச் சட்டமும், 1982-இல் கையெழுத்தான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 56-ஆவது பிரிவும், வளங்களைத் தேடுதல், எடுத்தல் ஆகியவற்றோடு பாதுகாத்தல், நிர்வகித்தல் ஆகியவற்றையும் சேர்த்தே அந்த உரிமையை வரையறுக்கின்றன. அந்த உரிமை உயிருள்ள வளத்துக்கும் உயிரற்ற வளத்துக்கும் பொதுவானது என்பது உண்மையே. ஆனால் ஒன்றைத் தேடப் போய் மற்றொன்றை அழித்துவிட்டால், பாதுகாத்தல் என்ற சொல் சட்டத்தில் எதற்காக இருக்கிறது?

எண்ணெயும் மீனும் ஒரே இடத்தில் இணைந்து நடக்கும் என்று சொல்வோர் 1976-ஆம் ஆண்டுக் கடிதத்தையே படித்துப் பார்க்கலாம். அந்த 3 ஆண்டுகளுக்குள் வெட்ஜ் பேங்கில் பெட்ரோலியம் தேட இந்தியா முடிவு செய்தால், தேடலுக்கு ஒதுக்கிய பகுதிகளில் வேலை தொடங்கும் நாளிலேயே இலங்கைக் கப்பல்கள் மீன்பிடிப்பை நிறுத்திவிட வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதப்பட்டுள்ளது. அன்று இலங்கைக் கப்பல்களுக்கு விதித்த அதே நிலை இன்று நம் மீனவர்களுக்கு வராது என்று எந்த ஆவணம் உறுதி தருகிறது?

கிணறு தோண்டுவதற்கு முன்பு நடக்கும் நில அதிர்வு ஆய்வே முதல் அடியாக இருக்கும். அழுத்தக் காற்றைக் கடலுக்குள் மீண்டும் மீண்டும் வெடிக்கச் செய்து, கடலடிப் பாறைகளிலிருந்து திரும்பி வரும் ஒலியைப் பதிவு செய்யும் முறை அது. 1992-இல் நார்வே அறிவியலாளர்கள் பேரன்ட்ஸ் கடலில் இதைச் சோதித்தபோது, காட் மீன் பிடிப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பாதிப்பு 18 கடல் மைல் தொலைவு வரை தெரிந்தது. ஆய்வு முடிந்து 5 நாள் கழித்தும் பழைய நிலை திரும்பவில்லை. எண்ணெயால் செழித்த அதே நார்வே, காட் மீன் இனப்பெருக்கம் செய்யும் லோஃபோட்டன் கடற்பகுதியை எண்ணெய்த் துரப்பணத்துக்குத் திறந்துவிடாமல் வைத்திருக்கிறது.

எங்கள் ஊரில் முதியவர் ஒருவர், கட்டுமரத்தில் போன காலத்தில், மருந்துவாழ்மலையின் உச்சி தேவாலயக் கோபுரத்துக்கு எந்தப் பக்கம் விலகித் தெரிகிறது என்று பார்த்தே கடலடிப் பார் (மீன் கூடும் பாறைத் திட்டு) இருக்கும் இடத்தைக் கண்டு நங்கூரக் கல்லை இறக்குவார். அவருடைய பேரன் இன்று விசைப்படகு ஓட்டுகிறான். பார் இருக்கும் இடங்களின் ஜி.பி.எஸ். எண்களைக் கருவியில் மட்டும் வைக்காமல், பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு நோட்டிலும் பேனாவால் எழுதி வைத்திருக்கிறான். கணவாய் கிடைக்கும் மாதம், கலவாய் ஏறும் ஆழம், நீரோட்டம் மாறும் நாள் ஆகியவையும் அதில் உள்ளன. நிலம் இல்லாத அந்தக் குடும்பத்துக்கு அந்த நோட்டுதான் பட்டா.

12 கடல் மைலுக்கு அப்பால் மாநில அரசுக்கு அதிகாரம் இல்லை என்பதால், முடிவு மத்திய அரசின் கையில்தான் இருக்கிறது. ஆகவே, வெட்ஜ் பேங்கின் எல்லைகளை ஆயத்தொலைவுகளோடு வரையறுத்து, அந்தப் பரப்பையும் அதைச் சுற்றிப் போதிய தொலைவையும் எண்ணெய் வட்டாரங்களிலிருந்து எழுத்துப்பூர்வமாக விலக்க வேண்டும் என்றும், அதுவரை அப்பகுதியில் நில அதிர்வு ஆய்வுக்கு அனுமதி தரக்கூடாது என்றும், இதுபற்றிய கருத்துக்கேட்புக் கூட்டங்களைக் கடற்கரை ஊர்களிலேயே, மீனவர்கள் கரையில் இருக்கும் நாளில், தமிழில் அச்சிட்ட வரைபடங்களோடு நடத்த வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
கன்னியாகுமரி மாவட்டம்.