பைத்தியம் என்ற தீர்ப்பால் யாருக்கு லாபம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

தலைவர்களைக் கொல்பவர்களின் மனநிலை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, கொலையாளிகளைக் கொள்கைக்காகக் கொன்றவர்கள், சித்தம் கலங்கிக் கொன்றவர்கள் என்று இரண்டு வரிசையில் நிறுத்திவிட்டது. தென்னாப்பிரிக்காவின் டிமிட்ரி சஃபெண்டாஸ் இரண்டாவது வரிசையில் நிற்கிறார், 'வயிற்றுக்குள் இருந்த நாடாப்புழு ஏவிக் கொன்றவர்' என்ற ஒரே வரியோடு. அவரை அவ்வளவு சுலபமாக அங்கே தள்ளிவிட முடியாது.

1966 செப்டம்பர் 6 அன்று கேப் டவுன் நாடாளுமன்றத்துக்குள், ஏவலருக்கான சீருடையில், பிரதமர் வெர்வூர்டைக் கத்தியால் குத்திக் கொன்றவர் சஃபெண்டாஸ். நிறவெறி ஆட்சியின் சிற்பி என்று பெயரெடுத்தவர் வெர்வூர்டு. (அரசியலுக்கு வருமுன் அவர் உளவியல் பேராசிரியர் என்பது தனி வேடிக்கை.) சஃபெண்டாஸின் தந்தை கிரேக்கர், தாய் மொசாம்பிக்கைச் சேர்ந்த கலப்பினப் பெண். இளமையில் பொதுவுடைமைக் கட்சியில் இருந்தவர். கைதானதும் போலீசிடம் அவர் சொன்ன காரணம், அரசின் இனக்கொள்கை மீதிருந்த வெறுப்பு.

ஆனால் நீதிமன்றத்தில் பேச்செல்லாம் நாடாப்புழுவைப் பற்றித்தான். நாயையோ உயிரற்ற கருவியையோ எப்படி விசாரிக்க முடியாதோ அப்படித்தான் இவரையும் என்று சொல்லி நீதிபதி பேயர்ஸ் வழக்கை முடித்துவைத்தார். இங்கே ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. குற்றம் செய்த நேரத்தில் புத்தி தெளிவாக இருந்ததா என்பது ஒரு கேள்வி. இன்று கூண்டில் நின்று வழக்கை எதிர்கொள்ளும் நிலையில் இருக்கிறாரா என்பது வேறு கேள்வி. பேயர்ஸ் தீர்ப்பளித்தது இரண்டாவதற்கு. ஏன் கொன்றார் என்ற விசாரணை நடக்கவே இல்லை. கட்டுரையாளர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டார்.

விசாரணை நடந்திருந்தால் சங்கடம் அரசுக்குத்தான். நாட்டுக்குள் விடக் கூடாதவர்கள் பட்டியலில் பெயர் இருந்த ஆள் நாடாளுமன்றத்திலேயே வேலைக்குச் சேர்ந்தது எப்படி என்று யாராவது கேட்டிருப்பார்கள். நிறவெறியை எதிர்த்து அவர் கூண்டில் பேசுவதையும் உலகமே கேட்டிருக்கும். சரி, நோயாளி என்றால் மருத்துவமனைக்கு அல்லவா அனுப்பியிருக்க வேண்டும்? அனுப்பியது ராபன் தீவுச் சிறைக்கு, பிறகு பிரிட்டோரியா சிறைக்கு. மனநல மருத்துவமனைக்கு அவர் போனது, ஆட்சி மாறிய 1994-இல்தான்.

அந்தக் கொலைக்கு ஆறு வருடம் முன்பு, 1960 ஏப்ரலில், ஜோகன்னஸ்பர்க் கண்காட்சியில் இதே வெர்வூர்டின் தலையில் இரண்டு முறை சுட்டவர் டேவிட் பிராட் என்ற வசதியான வெள்ளைக்காரப் பண்ணையார். ஷார்ப்வில் ஊரில் கறுப்பினப் போராட்டக்காரர்களைப் போலீஸ் சுட்டு 69 பேர் இறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பிராட்டுக்கும் வலிப்பு, புத்தி சரியில்லை என்று முடிவானது.

சஃபெண்டாஸுக்கு நோயே இல்லை என்று நான் வாதாடவில்லை. கொலைக்கு முன்பே பல நாட்டு மனநல மருத்துவமனைகளைப் பார்த்தவர் அவர். ஆனால் நோய் இருந்ததால் காரணம் இல்லாமல் போய்விடுமா? தலைவலிக்காரனுக்கும் அரசியல் கருத்து இருக்கும்.

எதிர்ப்பக்க உதாரணம், 1881-இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்ட சார்லஸ் கிட்டோ. தன் பிரச்சாரத்தால்தான் கார்ஃபீல்டு ஜெயித்தார், அதற்குக் கைம்மாறாக பாரிஸ் தூதரகப் பதவி தனக்கு வர வேண்டும் என்று நம்பியவர். கொலையைக் கடவுளின் கட்டளை என்றார். ஆனால் காரியத்தில் கெட்டிக்காரர்: அடைக்கப்படப் போகும் சிறை எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே பார்க்கப் போனார், பின்னாளில் காட்சிக்கு வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று தந்தப்பிடி வைத்த துப்பாக்கியாகத் தேர்ந்தெடுத்தார். பிரமையும் திட்டமும் ஒரே மண்டைக்குள். ஊர் கொதித்துக்கொண்டிருந்தது, ஜூரி அவரைத் தெளிந்த புத்திக்காரராகவே கண்டது, 1882 ஜூன் 30 அன்று தூக்கிலிட்டார்கள்.

கட்டுரையாளர் தொடர் எழுதுவதாகக் குறிப்பிட்டிருக்கிறார். அடுத்த பகுதியில் லண்டனின் மெக்நாட்டனையும் சேர்த்துக்கொள்ளட்டும். பிரதமர் பீலின் செயலாளரை 1843-இல் சுட்டுக் கொன்றவர் அவர். பீலின் டோரி கட்சி தன்னைத் துரத்துகிறது என்று நம்பிய அவரை, புத்தி பேதலித்தவர் என்று ஜூரி விடுவித்ததால் கிளம்பிய கூச்சலில் பிறந்த விதிகள்தான் நமது பழைய இந்திய தண்டனைச் சட்டம் 84-ஆம் பிரிவுக்கு அடிப்படை. அதற்குப் பதிலாக வந்த இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 22-ஆம் பிரிவு. அந்தப் பிரிவு மனநோய் உண்டா என்று கேட்டு நிற்பதில்லை. செய்வது இன்னது என்றோ, அது தவறு என்றோ தெரியாத அளவுக்குப் புத்தி பேதலித்திருந்ததா என்றுதான் கேட்கிறது.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர் வாசகர்,
திருநெல்வேலி