சைபருக்குள் உன் இருபது வாக்குகள்

அன்புள்ள மகளுக்கு,

சனி இரவு, நாடுகள் போட்டியிடும் யூரோவிஷன் பாட்டுப் போட்டி முடிந்ததும், நீ லண்டனிலிருந்து ஃபோன் எடுத்துக் கத்தினதில் அம்மா பயந்துபோனா. "அப்பா, சுவிசுக்கும் சைபர், இங்கிலாந்துக்கும் சைபர். நான் போட்ட 20 வாக்கும் எங்க போனது?" என்றாய். நித்திரைக் கலக்கத்தில் சரியாகப் பதில் சொல்லவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

சைபர் என்றால் ஒருவரும் வாக்குப் போடவில்லை என்று இல்லை, பிள்ளை. ஒவ்வொரு நாட்டிலும் சனத்தின் வாக்கை எண்ணி முதல் பத்துப் பாட்டுக்குத்தான் புள்ளி. பதினோராவதாக வந்தால் ஒன்றுமில்லை. எல்லா நாட்டிலும் பதினொன்று, பன்னிரண்டு என்று வந்திருந்தாலும் கூட்டினால் சைபர்தான். தனியாகப் புள்ளி போடும் நடுவர்கள் எங்கள் சுவிஸ் பாடகி சோயி மேக்கு 214 கொடுத்தார்கள். வென்ற ஒஸ்திரியாப் பாடகர் ஜேஜேக்கு அடுத்ததாக அவ்வளவு புள்ளி வேறு ஒருவருக்கும் இல்லை. அதனால்தான் பத்தாம் இடமாவது கிடைத்தது. நாங்கள் இங்கே பாசலில் இருந்துகொண்டு அவளுக்குப் போடவும் முடியாது; சொந்த நாட்டுக்குப் போட விதி இல்லை. அதை நீ அங்கேயிருந்து போட்டாய்.

1988 ஏப்ரலில் நான் அகதிக் காம்பில் இருந்தேன். டப்ளினில் நடந்த போட்டியை, மொழி ஒன்றும் விளங்காமல், பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு பழைய ரீவியைச் சுற்றியிருந்து பார்த்தோம். பிரெஞ்சில் எண்ணப் பழகினதே அன்றிரவுதான். கடைசியாக வாக்குச் சொல்ல யூகோஸ்லாவியா வந்தபோது இங்கிலாந்து 136, சுவிஸ் 131. யூகோஸ்லாவியா சுவிசுக்கு 6 கொடுத்தது, இங்கிலாந்துக்கு ஒன்றுமில்லை. ஒரு புள்ளியில் வெற்றி! பாடிய செலின் டியோன் கனடாக்காரி, இசையமைத்தவர் துருக்கியில் பிறந்தவர். தங்குவதற்குப் பேர்மிட் கிடைக்குமோ என்று தெரியாமல் இருந்த நாங்கள் எதற்காக அப்படித் துள்ளினோமோ! காம்ப் பொறுப்பாளர் வந்து ஏசினார்.

பிறகு 36 வருடம் காத்திருந்து, 2024இல் சுவீடனின் மால்மோவில் எங்கள் சுவிஸ் நாட்டு நெமோ பாடி வென்றதால்தான் 2025 போட்டி எங்கள் ஊருக்கு வந்தது. அதற்கும் சனத்திடம் வாக்குக் கேட்டார்கள், தெரியுமோ? சுமார் 35 மில்லியன் பிராங்க் செலவழிக்கலாமா என்று. மூன்றில் இரண்டு பங்குபேர் ஓம் என்றார்கள். நானும் ஓம். அம்மா இல்லை என்று எழுதித் தபாலில் போட்டா. ஆனால் போட்டிக் கிழமை முழுக்க ட்ராமில் ஏறி ஊர் அலங்காரம் பார்த்தது அவதான்.

உன் வாக்குக்கான காசு பில்லில் வரும்போது கவலைப்படாதே. அம்மாவிடம் சொல்லிவிடாதே, நானும் 20 போட்டேன், எஸ்தோனியாவின் கோப்பிப் பாட்டுக்கு. முப்பது வருடம் ரெஸ்டோரண்டில் கோப்பி போட்டவனுக்கு வேறு எதில் மனம் போகும்? அவர்கள் மூன்றாவதாக வந்தார்கள்.

அன்புடன்,
அப்பா