நான்காவது பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடவர் அணி சேபர் (வாள்வீச்சில் ஒரு வகை) இறுதிப் போட்டி ஜூலை 31 அன்று முடிந்தது. அதைப் பற்றிப் படிக்க ஆசையாகப் பத்திரிகையைப் பிரித்தால், விளையாட்டுப் பக்கத்தின் கடைசியில் "தென் கொரியா 45-41 என்ற கணக்கில் ஹங்கேரியை வீழ்த்தித் தங்கம் வென்றது" என்று ஒரே ஒரு வரி. நான் பார்த்த மற்றத் தமிழ்ப் பத்திரிகைகளிலும் இதே நிலைதான். மனு பாக்கர், சரப்ஜோத் சிங் பதக்கம் வாங்கிய வாரம், அவர்களுக்குப் பெரிய படம் போட்டீர்கள், போடத்தான் வேண்டும், அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் அந்த 45-41க்குள் நடந்ததை ஒரு பத்தியிலாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் வாள்வீச்சு என்றாலே பக்கத்தைப் புரட்டிவிடுகிறவர்களும் நின்று படித்திருப்பார்கள்.

முதலில் இந்த ஆட்டம் எப்படி நடக்கிறது என்றே நம் வாசகர்களில் பலருக்குத் தெரியாது. ஒரு அணிக்கு மூன்று பேர், வெளியே ஒரு மாற்று வீரர். இந்தப் பக்கத்து மூவரும் அந்தப் பக்கத்து மூவரோடு தலா ஒரு முறை மோத வேண்டும், ஆக ஒன்பது சுற்று. முதல் சுற்று 5 புள்ளி வரை. அடுத்து வருகிறவர் பூஜ்யத்திலிருந்து தொடங்க மாட்டார், முந்தையவர் விட்ட இடத்திலிருந்து எடுத்து 10 வரை கொண்டுபோவார், அப்புறம் 15, 20 என்று போய்க் கடைசியில் 45. முதல் ஆள் 2-5 என்று பின்தங்கிவிட்டு இறங்கினால், அடுத்த ஆள் எதிராளிக்கு ஐந்து கொடுப்பதற்குள் எட்டுப் புள்ளி எடுத்து அணியை 10க்குக் கொண்டுவந்துவிடலாம், அண்ணன் வைத்த கடனைத் தம்பி அடைக்கிற மாதிரி. சேபரில் இடுப்புக்கு மேலே தலை, மணிக்கட்டு வரை கை உட்பட எங்கே பட்டாலும் புள்ளி, வாளின் முனையாலும் தொடலாம், விளிம்பாலும் வீசலாம். வாள் பட்டதைக் காட்டும் விளக்கு இரண்டு பேருக்கும் ஒன்றாக எரிந்தால் தாக்குதல் உரிமை யாரிடம் இருந்தது என்று நடுவர் சொல்வார். கண்ணிமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இப்போது அந்த இறுதிப் போட்டிக்கு வருகிறேன். கிராண்ட் பலே அரங்கம். ஆறு சுற்று முடிந்தபோது கொரியா 30, ஹங்கேரி 29. அதாவது ஒன்றுமே தீர்மானமாகவில்லை. ஏழாவது சுற்றில் கூ போன்-கில் இறங்க வேண்டும், 2012 லண்டனிலும் டோக்கியோவிலும் இதே அணிப் போட்டியில் தங்கம் வென்றவர், அணியிலேயே அனுபவசாலி. அவரை உட்கார வைத்துவிட்டு டோ கியோங்-டோங் என்ற மாற்று வீரரை அனுப்புகிறார்கள். காலிறுதியிலும் அரையிறுதியிலும் மேடையே ஏறாதவர், ஒலிம்பிக்கில் அவருடைய முதல் சுற்றே தங்கத்துக்கான போட்டியில். எதிரே கிரிஸ்டியான் ராப். ஐந்து புள்ளி, வரிசையாக. ராபுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 35-29.

கடைசிச் சுற்றில் ஹங்கேரி பக்கம் நின்றவர் ஆரோன் சிலாகி, 2012, 2016, டோக்கியோ என்று மூன்று ஒலிம்பிக்கிலும் தனிநபர் தங்கம் வென்றவர். அவரை எதிர்த்து ஓ சாங்-உக், பாரிஸில் சில நாட்களுக்கு முன்புதான் தனிநபர் தங்கத்தைக் கழுத்தில் போட்டவர். ஓ சாங்-உக் முடித்து வைத்தார், படமும் பெயரும் அவருக்கே போயின. ஆனால் கணக்கைப் பாருங்கள், வெற்றி வித்தியாசம் நான்கு புள்ளி, டோ ஒரே சுற்றில் சேர்த்துக் கொடுத்த முன்னிலை ஐந்து. இதைச் சொல்லாமல் அந்தப் போட்டியைச் சொன்னதாக ஆகாது.

கூ போன்-கில்லைப் பற்றியும் எழுத நிறைய இருக்கிறது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தனிநபர் இறுதியில் அவரும் ஓ சாங்-உக்கும்தான் மோதினார்கள், கூ 15-14 என்று ஒரே புள்ளியில் வென்றார். கொரியாவில் ஆண்களுக்குக் கட்டாய ராணுவ சேவை உண்டு, ஆசிய விளையாட்டில் தங்கமோ ஒலிம்பிக்கில் ஏதாவது ஒரு பதக்கமோ வென்றால் அதிலிருந்து விலக்கு கிடைக்கும். தம்பி ஓ சாங்-உக்குக்குக் கிடைக்க வேண்டியதைத் தான் தட்டிவிட்டோமே என்று தங்கம் வென்ற கூ கண்கலங்கினார், அணிப் போட்டியில் எப்படியும் தங்கம் வாங்குவோம் என்றார். சில நாளில் ஈரானை 45-32 என்று வென்று வாங்கியும் விட்டார்கள். அதே மனிதர்தான் ஆறு வருடம் கழித்துப் பாரிஸ் இறுதியில் தன் இடத்தை டோவுக்கு விட்டு வெளியே உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார், அந்த டோவும் அப்போது ராணுவ சேவையில் இருந்தவர். பயிற்சியாளர் வோன் வூ-யங், 2012இல் கூவோடு சேர்ந்து தங்கம் வென்ற அணியில் இருந்தவர். சுழற்சி முறையால் 2016 ரியோவில் ஆடவர் அணி சேபர் நடக்கவே இல்லை, ஆகவே 2012, டோக்கியோ, பாரிஸ் என்று கொரியாவுக்கு இது தொடர்ந்து மூன்றாவது தங்கம்.

மாற்று வீரர் வந்து ஆட்டம் திரும்பியது இது முதல் முறையும் இல்லை. டோக்கியோவில் எப்பே என்ற இன்னொரு வகை வாள்வீச்சின் ஆடவர் அணிப் போட்டியில், ஜப்பான் அணியில் ஒரு காலத்தில் உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த மினோபேவுக்குப் பதிலாக முதல் ஆட்டத்தின் நடுவிலேயே உயாமா சடோருவை இறக்கினார்கள். அவர் அப்படியே இறுதி வரை ஆடினார், பிரான்ஸை 45-44 என்று தாண்டி, இறுதியில் ரஷ்ய அணியை 45-36 என்று வென்று, வாள்வீச்சில் ஜப்பானுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம்.

இன்னொன்று. ஆகஸ்ட் 2 அன்று பாரிஸில் எப்பே இறுதியில் ஹங்கேரி ஜப்பானை 26-25 என்று வென்ற செய்தியைப் பார்த்த நண்பர் ஒருவர், 45 எங்கே, அச்சுப் பிழையா என்று என்னைக் கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை, யார் அவருக்குச் சொன்னார்கள்? ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று நிமிடம்தான். எப்பேயில் பொறுமையாகக் காத்திருந்து ஆடுவார்கள், 45 வராமலே நேரம் முடிந்துவிடும், அப்போது யார் முன்னிலையோ அவர்கள் வென்றவர்கள். 25-25 என்று சமமாக நின்றதால் கூடுதலாக ஒரு நிமிடம், முதலில் தொடுகிறவருக்கு வெற்றி. ஹங்கேரியின் சிக்லோஷி தொட்டார், ஜப்பானின் கானோ கோகி தோற்றார், அந்த கானோதான் அதே வாரம் தனிநபர் தங்கம் வென்றவர். இதை மூன்று வரியில் எழுதியிருந்தால் நண்பருக்குச் சந்தேகமே வந்திருக்காது.

நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். சேபர் நமக்கு அந்நியமான ஆயுதம் இல்லை. நம் சென்னைப் பெண் பவானி தேவி மூங்கில் குச்சியில் பயிற்சியைத் தொடங்கி, டோக்கியோவில் ஒலிம்பிக் மேடை ஏறிய முதல் இந்திய வாள்வீச்சு வீராங்கனை ஆனது சேபரில்தான். அங்கே அவரை இரண்டாவது ஆட்டத்தில் 15-7 என்று வென்ற மனோன் புருனே இந்த முறை பாரிஸில் தனிநபர் தங்கம் வென்றார், அவருடைய கணவர் அபிதி ஆடவர் அணி சேபரில் வெண்கலம் வென்ற பிரெஞ்சு அணியில் இருந்தார். ஆனால் பாரிஸ் வாள்வீச்சில் இந்தியாவிலிருந்து ஒருவர்கூட இல்லை. காரணத்தைத் தேடினால் அணிப் போட்டியில் வந்து நிற்கிறது. பாரிஸுக்கு ஒவ்வொரு ஆயுதத்திலும் எட்டு அணிகள் தகுதி பெற்றன, தகுதி பெற்ற அணியின் மூன்று பேருக்குத் தனிநபர் போட்டியிலும் நேரடியாக இடம் கிடைத்தது. போட்டி நடத்தும் நாட்டின் சலுகையைத் தவிர்த்துப் பார்த்தால் தனிநபர் இடங்கள் 34, அதில் 24 இப்படி அணிகளோடு போய்விட்டது. மீதி பத்து இடத்துக்குத்தான் அணி தகுதி பெறாத நாடுகள் எல்லாம் அடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பவானி டோக்கியோ போனது அந்தக் குறுகிய வழியில், ஆசிய-ஓசியானியா தரவரிசை மூலமாக. ஈரான் அப்படித் தனித்தனியாக ஆள் தேடாமல் நான்கு பேரைச் சேர்த்து வளர்த்தது, பாரிஸில் ஆடவர் அணி சேபரில் நான்காம் இடம் பிடித்தது. ஒரு பவானிக்குப் பாராட்டு விழா எடுப்பதோடு நின்றுவிடாமல் நான்கு பவானிகளை ஒரே அணியாக வளர்க்க வேண்டும் என்று நம் சங்கங்களையும் அரசையும் கேட்க வேண்டியது பத்திரிகைதான். அணிப் போட்டி என்று ஒன்று இருப்பதே செய்தியில் வராதபோது யார் கேட்பார்கள்?

2026இல் ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் ஆசிய விளையாட்டு வருகிறது. கொரியா, ஜப்பான், ஈரான், சீனா எல்லாம் அங்கே மோதும். அப்போது அணி வாள்வீச்சு முடிவுகளைப் போடும்போது கடைசிப் புள்ளி எடுத்தவர் பெயரோடு நிறுத்தாமல் நான்கு பேரின் பெயரையும் போடுங்கள், முடிந்தால் ஒன்பது சுற்றின் புள்ளிகளை ஒரு சின்னக் கட்டத்தில் கொடுங்கள், கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் அட்டை கொடுக்கிறீர்களே அதே போல. இந்த முறை விட்டுப்போனதற்கு டோ கியோங்-டோங்கைப் பற்றி ஞாயிறு மலரிலாவது ஒரு கட்டுரை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி.