பின்லாந்தின் ஹெல்சிங்கியில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். உன் நலமறிய ஆவல் என்று வழக்கமாக எழுதும் வரியை இந்த முறை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அதற்கு நீ அனுப்பும் பதில் எனக்கு மனப்பாடம். ஆகவே உன் உடல்நிலையையும் வேலையையும் கேட்பதில்லை, வானிலையைப் பற்றி மட்டும் எழுதுவது என்று முடிவு செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சென்ற வாரம் உன் சிங்கப்பூர்ச் சிநேகிதனின் தாயார் தொலைபேசியில் பேசினார். கூடப் படித்த நீங்கள் நால்வரும் உங்களுக்கென்று கைபேசியில் வைத்திருக்கும் குழுவில் எல்லாவற்றையும்விட வானிலையைத்தான் அதிகம் பேசிக்கொள்கிறீர்கள் என்று மகன் சொன்னதாகச் சொல்லிச் சிரித்தார். இத்தனை படித்த பிள்ளைகளுக்கு மழையையும் வெயிலையும் தவிர வேறு பேச்சே கிடைக்கவில்லையா என்பது அவருடைய வியப்பு. எனக்கு அதில் வியப்பில்லை. ஆனால் பேச்சோடு பேச்சாக அவர் இன்னொன்றையும் சொன்னார்: ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலிருந்தும் அமெரிக்காவின் மினியாபொலிஸிலிருந்தும் செய்தி வந்துகொண்டிருக்கிறதாம், ஹெல்சிங்கியிலிருந்து மட்டும் சில வாரங்களாக ஒரு வரியும் இல்லையாம். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை; நானும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றுமுதல் கைபேசியில் உன் ஊரின் வானிலையைப் பார்ப்பது மட்டும் எனக்கு அதிகமாகிவிட்டது. உன் அம்மா அதைக் கண்டும் காணாததுபோல் இருக்கிறாள்.

பார்த்து என்ன பயன் என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்விதான். கைபேசி காட்டும் எண், ஏதோ ஒரு நிலையத்தில், வெயில் நேரடியாகப் படாதபடி மறைப்பிட்ட ஒரு கருவி, தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் அளந்த காற்றின் வெப்பநிலையை அடிப்படையாகக் கொண்டது. பக்கவாட்டில் சாய்சட்டங்கள் வைத்த அந்த வெள்ளைப் பெட்டியை 19ஆம் நூற்றாண்டில் வடிவமைத்தவர், கலங்கரை விளக்கங்கள் கட்டிய தாமஸ் ஸ்டீவன்சன் என்ற பொறியாளர். உலகெங்கும் ஒரே முறையில் அளந்தால்தான் ஓர் ஊரை இன்னோர் ஊரோடு ஒப்பிட முடியும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது, மிகச் சரியான ஏற்பாடு. ஆனால் அந்தப் பெட்டிக்குள் யாரும் குடியிருக்கவில்லை. நீ பேருந்துக்கு நிற்கும் முனையில் கடற்காற்று எப்படி அடிக்கிறது, உன் சன்னலுக்கு வெளியே இன்று மேகம் கலைந்ததா என்பதையெல்லாம் அந்த எண்ணிலிருந்து நான் எப்படித் தெரிந்துகொள்வேன்? உன் நண்பர்களிடமும் அதே கைபேசி இருக்கிறது, அதே எண்ணை அவர்களும் பார்க்கிறார்கள். இருந்தும் "அங்கே எப்படி?" என்று உன்னைக் கேட்கிறார்கள் என்றால், எண்ணைத் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கவில்லை. இதை விளக்க வேண்டிய வயதில் நீ இல்லை.

நீங்கள் பேசிக்கொள்வதில் எனக்குத் தெரிந்தவை எல்லாம் ஒரு காலத்தில் நீயே சொன்னவை. "இன்று 30தான்" என்று மினியாபொலிஸ்காரன் எழுத, "எங்களுக்கும் 30தான், வியர்த்து வழிகிறது" என்று சிங்கப்பூரிலிருந்து பதில் வந்ததும், அவனுடைய 30 ஃபாரன்ஹீட் என்றும், அது நம் செல்சியஸ் கணக்கில் உறைநிலைக்குக் கீழே 1 பாகை என்றும் நீதான் இருவருக்கும் சொல்லிவைத்தாய். கழித்தல் 40இல் மட்டும் இரண்டு அளவுகளும் ஒன்றாகிவிடும், அந்த அளவுக்கு அவன் ஊர் குளிர்ந்தால் இந்தச் சண்டை தீரும் என்று நீ எழுதியதை எனக்குப் படித்துக் காட்டியபோது, நீ சிரித்த சிரிப்பில் எனக்கு வரி முழுதாகக் காதில் விழவில்லை. காற்றுக் குளிர்வைப் பற்றியும் நீதான் சொன்னாய். 5 ஃபாரன்ஹீட்டில் மணிக்கு 15 மைல் வேகத்தில் காற்று வீசினால் தோலுக்கு அது கழித்தல் 13 போலத் தெரியும். நம் அளவில் கழித்தல் 15 என்பது கழித்தல் 25 ஆகிறது. வெப்பமானி அசையாது, உடலைச் சுற்றியிருக்கும் இளஞ்சூட்டுக் காற்றைத்தான் வீசும் காற்று அடித்துக்கொண்டு போகிறது என்று நீ விளக்கிய பிறகுதான், கைபேசியின் வானிலையில் மேலே ஒரு எண்ணும் கீழே ஒரு எண்ணும் ஏன் இருக்கின்றன என்பது எனக்குப் புரிந்தது. சிங்கப்பூரில் இதற்கு நேர்மாறு: காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை ஆவியாகாது, ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விக்காது, ஆகவே 32 பாகையே பல பாகை கூடுதலாகத் தெரியும். ஆனால் டிசம்பரிலும் ஜனவரியிலும் வடகிழக்குப் பருவக்காற்று வலுத்து நாள்கணக்கில் மழை பிடித்துக்கொண்டால், வெப்பநிலை 22, 23க்கு இறங்கிவிடும், அதற்கே அவன் கம்பளிச் சட்டையைத் தேடுவான் என்று நீங்கள் மூவரும் சேர்ந்து அவனைக் கேலி செய்வீர்களே!

மெல்போர்ன் பெண்ணின் கதை எல்லாவற்றையும் மிஞ்சும். கோடையில் கண்டத்தின் உள்வறட்சியிலிருந்து வடகாற்று அடிக்கும்போது 40 பாகையைத் தாண்டும்; பிறகு தென்மேற்கிலிருந்து கடற்காற்று உள்ளே புகுந்ததும் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே 15 பாகைகூட இறங்கிவிடும். அந்த நகரம் 2009 பிப்ரவரி 7 அன்று 46.4 பாகையைக் கண்டது. காட்டுத் தீ பல உயிர்களைக் கொண்டுபோன நாள் அது. காற்று திசை மாறியபோது தீயின் பக்கவாட்டு விளிம்பு முழுவதும் முன்முகமாக மாறிவிட்டது. அதனால் அவள் "காற்று மாறிவிட்டது" என்று இரண்டே சொல் எழுதினாலும் அது வெறும் அரட்டை இல்லை. அதை வாசித்துவிட்டு மற்றவர்கள் பேசாமல் இருந்தால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

உன்னிடமிருந்தும் அவர்களுக்கு நல்ல செய்திகள் போயிருக்கின்றன. குளிர் கழித்தல் 10க்கும் கீழே போனால் காலடியில் பனி கிறீச்சிடும், அதைவிட இளங்குளிரில் சத்தமே இல்லாமல் அமுங்கும், ஆகவே வெப்பமானி இல்லாமலே நடந்து கண்டுபிடிக்கலாம் என்று முதல் குளிர்காலத்தில் நீ எழுதியது உன் சிங்கப்பூர்ச் சிநேகிதன் வழியாக அவன் தாயார்வரைக்கும் போயிருக்கிறது. அவர் அதை என்னிடமே புதுச் செய்தியாகச் சொன்னார். நான் தெரியாதவன்போல் கேட்டுக்கொண்டேன். பள்ளி நாள்களில் கீற்று மேகம், திரள் மேகம், படை மேகம் என்று நோட்டின் கடைசிப் பக்கங்களில் தேதி போட்டு வரைந்து வைத்தவள் நீ. அந்தப் பெயர்களுக்கு 1802இல் அடிப்படை போட்ட லூக் ஹோவர்டு தொழிலால் மருந்து தயாரிப்பவர், வானத்தைப் பார்த்தது தன் ஆசைக்காக என்று எனக்குச் சொன்னவளும் நீதான். அப்படிப்பட்டவளுக்கு வானத்தைப் பற்றி எழுத ஒரு வரியும் இல்லாமல் போயிற்று என்றால் அதை நான் நம்ப வேண்டுமா? எங்களுக்கு "நலம், வேலை அதிகம்" என்று எழுதிவிட்டுப் போ, பெற்றவர்களுக்கு அது போதும். நண்பர்களுக்கு அதுவும் இல்லையே.

உன் ஊர் 60ஆவது அட்சக்கோட்டில் இருக்கிறது என்பதை நான் மறக்கவில்லை. டிசம்பர் 21ஐ ஒட்டிய நாள்களில் அங்கே பகல் 6 மணி நேரம்கூட இல்லை, நண்பகலிலும் சூரியன் அடிவானத்துக்கு மேலே 6 பாகைதான் ஏறுகிறது. அதே நாளில் மெல்போர்னில் ஆண்டின் மிக நீண்ட பகல். இந்த ஜனவரித் தொடக்கத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14 கோடியே 70 லட்சம் கிலோமீட்டரில் இருந்தது என்றால் உன் அம்மா நம்ப மறுக்கிறாள். தூரத்தால் ஒன்றும் இல்லை, பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதால்தான் உனக்குக் குளிரும் மெல்போர்ன் பெண்ணுக்கு வெயிலும் என்று விளக்கினேன். "அப்படியானால் குழந்தைக்கு எப்போது வெளிச்சம் வரும்?" என்றுதான் அவள் கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. இப்போதே வந்துகொண்டிருக்கிறது: ஜனவரி பிற்பாதியில் பகல் 7 மணி நேரத்தைத் தொட்டுவிட்டது, நாளொன்றுக்கு 4 நிமிடத்துக்கும் மேல் கூடுகிறது. கடல் உறையாமல் இருக்கும் முன்குளிர்காலத்தில் ஈரம் மேலெழுந்து படை மேகமாய்த் தொங்குவதால்தான் நவம்பரும் டிசம்பரும் அவ்வளவு இருண்டிருக்கின்றன; பிப்ரவரி அதிகக் குளிராக இருந்தாலும் அதிக வெளிச்சமாக இருக்கும். புதிதாக விழுந்த பனி தன்மேல் படும் ஒளியில் 80 விழுக்காட்டுக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே பனி விழுந்த மறுநாள் நண்பகலில் கட்டாயம் வெளியே போ. உன் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தின் 12 மணிக்கு இல்லை. இந்த மாதத்தில் 12.30ஐ ஒட்டித்தான் வருகிறது. அந்த நேரம் பார்த்துப் போ. மேகம் மூடியிருந்தாலும் போ, அப்போதும் விளக்கெரியும் அறைக்குள் இருப்பதைவிட வெளியே ஒளி அதிகம்தான்.

இதையெல்லாம் உனக்காகத் தேடிப் படித்தேன் என்று நினைக்காதே, பொதுவாகப் படித்ததுதான். தென்னாப்பிரிக்காவின் வெயிலிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த நார்மன் ரோசென்தால் என்ற மருத்துவர், குளிர்காலத்தில் தன் சுறுசுறுப்பு குறைவதைத் தானே கவனித்து, 1984இல் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து அதை ஒரு நோயாகவே வரையறுத்து எழுதினார். காலையில் 10,000 லக்ஸ் ஒளிதரும் விளக்கின் முன் அரைமணி நேரம் அமர்வது அதற்கு இன்று வழக்கமான சிகிச்சைகளில் ஒன்று, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்கிறார்கள். வடநாடுகளில் இதில் யாருக்கும் வெட்கமில்லை என்றும் படித்தேன். தூக்கம் கூடுவது, யாரிடமும் பேசப் பிடிக்காமல் போவது என்று அதில் எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு உன் அத்தையின் நினைவு வந்தது, அவ்வளவுதான். அத்தையும் முதலில் நிறுத்தியது நம்மோடு பேசுவதை அல்ல என்பது உனக்கும் தெரியும். அதற்கு மேல் இதில் எழுத எதுவும் இல்லை.

நீ யாருக்கும் பாரமாக இருக்க மாட்டாய் என்பதில் எனக்கு எப்போதும் பெருமைதான். பத்து வயதில் காய்ச்சலை மறைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனவள் நீ, ஆசிரியை சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஆனால் அந்தக் குணத்தை இத்தனை தூரத்தில் இருந்துகொண்டு கடைப்பிடித்தால் அதைக் கண்டுபிடிக்க இங்கே எந்த ஆசிரியையும் இல்லை. மனத்தில் இருப்பதையெல்லாம் கொட்டு என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் நீ சொல்ல மாட்டாய். வானிலையைச் சொல் என்றுதான் கேட்கிறேன். "இன்று மேகம் இறங்கி வந்துவிட்டது, எதிரே இருக்கும் கட்டடம்கூடத் தெரியவில்லை" என்று ஒருத்தி எழுதினால் அவள் எந்த நிலையில் எழுதியிருக்கிறாள் என்பது கூடப் படித்தவர்களுக்குத் தெரியும், தெரிந்ததை அவர்கள் சொல்லிக்காட்டவும் மாட்டார்கள். தாங்களும் பதிலுக்குத் தங்கள் மழையையோ வெயிலையோதான் எழுதுவார்கள். பெற்றவர்களுக்கு அந்தச் சாமர்த்தியம் வருவதில்லை. நாங்கள் உடனே பயணச் சீட்டைத் தேட ஆரம்பித்துவிடுவோம்.

ஆகவே திரும்பவும் சொல்கிறேன்: நண்பகலில் வெளியே போ, 12.30ஐ ஒட்டிப் போ, போய் வந்த கையோடு அவர்களுக்கு ஒரு வரி எழுது. அப்போது மெல்போர்னில் இரவு 9.30, அவள் விழித்திருப்பாள். சிங்கப்பூரில் மாலை 6.30, அவன் மழைக்கு ஒதுங்கி நிற்பான். மினியாபொலிஸில் விடியற்காலை 4.30, அவன் எழுந்ததும் முதலில் உன் வரியைத்தான் பார்ப்பான். எனக்கு எழுதுவதைப் பிறகு வைத்துக்கொள். அவர்களுக்கு எழுதினாய் என்பது சிங்கப்பூர் வழியாக எனக்கு வந்து சேர்ந்துவிடும்.

உன் அம்மா தனியாக எழுதுவதாகச் சொன்னாள். அவள் கடிதத்தில் வேறு கேள்விகள் இருக்கும், அவற்றுக்கு நான் பொறுப்பில்லை. என்னுடையது ஒன்றுதான்: நேற்று உன் ஊருக்குக் கழித்தல் 12 என்று காட்டியது, காலடியில் பனி கிறீச்சிட்டதா?

அன்புடன்,
அப்பா